25 பைசா ஆறுமணிக்குருவி

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த மறுநாள் எங்கள் வீட்டு மாடி முழுக்கப் பறவைகளைக் காயப்போட்டிருந்தேன். மொத்தம் 600 சொச்சம். மாடி வீட்டுக்காரர் கொடுத்த பழைய தினசரிகளை விரித்து, அச்சு மை ஏறிவிடக்கூடாதே என்று மேலே மகளின் பழைய நோட்டுத் தாள்களைப் பரப்பி, ஒவ்வொன்றையும் குப்புறப் படுக்கவைத்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தேன். தபால்தலைப் பறவைகள்தான். ஆனாலும் காற்றடித்தால் பறக்கும்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. தாமிரபரணி கரையை மீறித் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் ஏறியது. சிந்துபூந்துறையில் எங்கள் வளவுக்குள் ராத்திரி இரண்டு மணி வாக்கில் நுழைந்தது. கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, பத்திரம், அரிசி டிரம், ஆச்சியின் போட்டோ என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மேலே ஏற்றினோம். பட்டாசலில் மர அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த மூன்று ஆல்பங்கள் என் நினைவுக்கு வந்தபோது தண்ணீர் முட்டுக்கு மேலே வந்துவிட்டது. கரண்ட் இல்லை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினேன். "சவம், அந்த ஸ்டாம்பு போனாப் போகட்டும், நீங்க மேல ஏறுங்க" என்று மனைவி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவள் சொன்னதில் தப்பில்லை. மூன்றில் இரண்டுதான் கைக்கு வந்தன. மூன்றாவது மறுநாள் அடுக்களை மூலையில் சேற்றோடு ஒதுங்கிக் கிடந்தது.

தபால்தலைக்குத் தண்ணீர் ஒன்றும் புதிதில்லை. உறையிலிருந்து ஓரம் விட்டுக் கத்தரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, பசை கரைந்து தானாகக் கழன்று வருகிறவரை பொறுத்திருப்போம். அப்படிக் குளித்துத்தான் முத்திரை குத்திய தலைகள் ஆல்பத்துக்கு வருகின்றன. ஆகவே அவை வெள்ளத்தில் இன்னொரு முறை குளித்தன, அவ்வளவுதான். நல்ல தண்ணீரில் சேறு போக அலசினால் போதும். மாட்டிக்கொண்டவை மின்ட் தலைகள். முத்திரை படாத, பின்பக்கப் பசை அப்படியே இருக்கிற புதுத் தலைகள். பசை ஊறி, பக்கத்தோடு பக்கம் அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டன. காசு கொடுத்து வாங்கி, இடுக்கியால் மட்டுமே தொட்டு, மூச்சுக் காற்று படாமல் வைத்திருந்தவை போயின. குப்பைக்கூடையில் பொறுக்கியவை பிழைத்துக்கொண்டன.

சேகரிப்பாளர்கள் மத்தியில் ஒரு கதை உண்டு. 1994-ல் இந்தியாவில் அருகிவரும் நீர்ப்பறவைகள் என்று நாலு தலை கொண்ட ஒரு தொகுதி வந்தது. அந்தமான் கிளுவை, கருங்கழுத்துக் கொக்கு, 1949-க்குப் பிறகு யாரும் உறுதியாகப் பார்த்திராத இளஞ்சிவப்புத் தலை வாத்து எல்லாம் அதில் உண்டு. அச்சிட்ட மை தண்ணீரில் கரைகிறது என்று தெரிந்ததும் விற்பனையை நிறுத்தித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்பார்கள். நீர்ப்பறவை, அதுவும் தண்ணீரில் கரையும் நீர்ப்பறவை! அந்தத் தொகுதி என்னிடம் இல்லை. பல வருஷம் தேடிக் கிடைக்காமல் வருத்தப்பட்டிருக்கிறேன். அந்த மாடியில் உட்கார்ந்திருந்தபோது முதல்முறையாக, இல்லாததே நல்லது என்று தோன்றியது.

ஒட்டிக்கொண்ட கட்டுகளில் ஒன்று 1975-ம் வருஷத்து 25 பைசா ஆறுமணிக்குருவி. நாலு தலை சேர்ந்தாற்போல் கிழிக்காமல் வைத்திருந்த பிளாக். அதற்கு விலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பெரியப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரியப்பா கொழும்பில் பலசரக்குக் கடையில் இருந்தார். எங்கள் ஜில்லாவில் ஒரு தலைமுறைக்குக் கொழும்பு என்பது மதுரையைவிடப் பக்கத்து ஊர். 83 கலவரத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அந்தப் பெட்டி மச்சில் கிடந்தது. அதில் அவர் எழுதி ஆச்சி சேர்த்துவைத்த கடிதக் கட்டு. ஒரு மழைக்கால விடுமுறையில் அதைக் குடைந்தபோது அகப்பட்டதுதான் என் முதல் பறவை: 60 சதத் தபால்தலையில் காட்டுச்சேவல். இலங்கைக்கே உரிய காட்டுச்சேவல் அது. சிவப்புக் கொண்டைக்கு நடுவில் மஞ்சள் தீற்றல் இருக்கும். என்னை அசத்தியது சேவல் இல்லை. அந்தத் துண்டுத் தாளில் தமிழில் 'இலங்கை' என்று இருந்தது. நம் ஊர்த் தபால்தலையில் தமிழ் கிடையாது. கடல் தாண்டி வந்த ஒன்றில் இருக்கிறது. பத்து வயசுப் பையனுக்கு இது பெரிய புதிர்.

அந்தச் சேவலை நான் ஊறப்போடத் தெரியாமல் நகத்தால் பிய்த்தேன். பின்பக்கம் பாதித் தாள் உறையோடு போய்விட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் சேவலின் வயிற்றில் ஒரு ஓட்டை மாதிரி தெரியும். இன்றைக்கும் முதல் பக்கத்தில் அதுதான் இருக்கிறது.

அப்புறம் பாக்கெட் வாங்கும் பருவம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே பென்சில், ரப்பர், எலந்தவடை விற்கிற கடையில் கண்ணாடித்தாள் பாக்கெட்டில் 25 தபால்தலைகள் ஒரு ரூபாய். அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் கைவைன் என்று பேர் போட்டுக் கிளிகளும் பஞ்சவர்ணக்கிளிகளும் பென்குவினும் பளபளவென்று இருக்கும். மூலையில் கச்சிதமாகக் கால்வட்ட முத்திரை. திருப்பினால் பின்னால் பசை அப்படியே இருக்கும். ஒரு கடிதத்தில்கூட ஒட்டப்படாமல் அச்சகத்திலேயே முத்திரை வாங்கியவை அவை. வளைகுடாவின் சின்னஞ்சிறு அமீரகங்கள் 1960-களில் சேகரிப்பவர்களிடம் விற்பதற்காகவே கட்டுக்கட்டாக அடித்தவை. 1971 கடைசியில் ஐக்கிய அரபு அமீரகம் உருவானதும் அந்த வியாபாரம் ஓய்ந்தது. அடித்துக் குவித்தது மட்டும் உலகத்துப் பெட்டிக்கடைகளிலெல்லாம் தீராமல் கிடந்தது. பாலைவனத்துக்கும் பென்குவினுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பின்னாளில் மேலப்பாளையத்து நண்பன் ஒருவன் அதே சீமைக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து போட்ட கடிதத்தில் ஒட்டியிருந்தது சாதாரணமான ஒற்றை நிறத் தலை. அந்த ஊரின் பென்குவின் எங்கே என்று எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை.

அந்த வயசில் நாடுகளின் பேரைக் கண்டுபிடிப்பதே பாதி விளையாட்டு. மக்யார் போஸ்டா என்றால் ஹங்கேரி. சுவோமி என்றால் பின்லாந்து. ஹெல்வெட்டியா என்றால் சுவிட்சர்லாந்து. பேரே போடாமல் ஓரத்தில் ராணி தலை மட்டும் இருந்தால் இங்கிலாந்து. முதன்முதலில் தபால்தலை போட்டவன் நான், எனக்கு எதற்குப் பேர் என்கிற தோரணை. கிவி, குவெட்சால், குக்கபுரா என்று நான் அடுக்குவதைக் கேட்டு ஆச்சிக்குப் பெருமை தாங்காது. அவளுக்குத் தெரிந்த பறவைகள் காக்கா, குருவி, மைனா, கொக்கு, பிறகு 'என்னமோ ஒரு பட்சி'.

1986 அக்டோபர். ஜில்லாவை இரண்டாகப் பிரித்துத் தூத்துக்குடியைத் தனியாக எடுத்த அதே மாதம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், புறவாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வளவுப் பெண்கள் கூடி நிற்கிறார்கள். நடுவில் ஒரு பறவை. மைனா அளவுகூட இல்லை. வால் என்று சொல்லிக்கொள்ள ஒரு குட்டை விரல் அளவு. கண்ணை ஒட்டி அகலமாகக் கறுப்புப் பட்டை, முதுகு பச்சை, தோளில் பளீரென்று நீலம், தொண்டை வெள்ளை, அடிவயிற்றில் யாரோ குங்குமத்தைக் கொட்டின மாதிரி சிவப்பு. பறக்கவில்லை. சுவரில் மோதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்த களைப்பு. "மீன்கொத்திக் குஞ்சு" என்றாள் ஆச்சி. "இல்ல ஆச்சி, இது 25 பைசா" என்றேன் நான்.

வளவே சிரித்தது. நான் ஓடிப்போய் ஆல்பத்தை எடுத்துவந்து காட்டினேன். 1975-ல் வந்த இந்தியப் பறவைகள் தொகுதியில் முதல் தலை. மற்ற மூன்றும் மாங்குயில், இமயமலைப் பக்கத்து டிராகோபான், மோனால். இவற்றில் 25 பைசாதான் சாதாரண உறைக்கு ஒட்டியது. அதனால் அது மட்டும் தெருவெல்லாம் கிடைத்தது. எத்தனையோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உறையிலிருந்து நானே கழற்றியிருக்கிறேன். தபால்தலையையும் பறவையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆச்சி, "அட, போட்டோ புடிச்சுல்லா போட்டிருக்கான்" என்றாள்.

கோழியை மூடுகிற பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஈரச்சாக்கு போட்டு, உள்ளே ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தோம். பூனைக்குக் காவலாக நான் ராத்திரி தார்சாலில் படுத்தேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் விலங்கியல் சார் விஷயத்தைக் கேட்டதும், "ஆறுமணிக்குருவி டே அது. வடக்க இருந்து மழைக்கு முந்தி வரும். விடியக்காலமும் சாயந்திரமும் ஆறு மணி வாக்குல ரெண்டு சீட்டி அடிக்கும். வந்த அலுப்புல இப்படித்தான் வீட்டுக்குள்ள வந்து விழும்" என்றார். வடக்கே இந்தியில் நவரங் என்கிறார்களாம், ஒன்பது நிறம். எங்கள் ஆட்கள் நிறத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் சாயந்திரம் பஞ்சாரத்தைத் தூக்கினோம். கொஞ்ச நேரம் தத்தித் தத்தி நடந்தது. பிறகு வாழைக்குள் புகுந்தது. அவ்வளவுதான்.

அதுவரைக்கும் தபால்தலையில் இருக்கிற பறவை எங்கேயோ இருக்கிறது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது காக்கா என்றுதான் நினைத்திருந்தேன்.

நடுவில் இருபது வருஷத்தைத் தள்ளிவிடலாம். படிப்பு, வேலை, கல்யாணம். ஆல்பம் மச்சில் கிடந்தது. ராமபாணப்பூச்சி ஒரு பக்கத்தை ருசி பார்த்தது. மறுபடி என்னைப் பிடித்து உட்காரவைத்தது கூந்தன்குளம்.

நாங்குநேரி தாலுகாவில், திருநெல்வேலியிலிருந்து 35 கிலோமீட்டர் போல. மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிரம்புகிற குளம். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-ல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. இதெல்லாம் பலகையில் எழுதியிருக்கும். பலகையில் இல்லாதது, பறவைகள் குளத்தில் மட்டும் இல்லை, ஊருக்குள்ளேயே இருக்கின்றன என்பது. வீட்டுக்குப் பின்னால் நிற்கிற வேப்பமரத்தில், கருவேலத்தில், புளியமரத்தில் கூடை கூடையாக மஞ்சள் மூக்கு நாரைக் கூடுகள். கீழே எருமை கட்டியிருக்கிறது, துணி காய்கிறது. முற்றமெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி எச்சம். மீன் கவிச்சி மூக்கைத் துளைக்கிறது. அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நான் மகளைக் கூட்டிக்கொண்டு போன அன்று ஒரு வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம், இந்த நாற்றத்தை எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். டவுன்காரன் புத்தி. "பிள்ளை பெத்தவ வீட்டுல நாறத்தான் செய்யும்" என்றாள், கையிலிருந்து கண்ணை எடுக்காமல். எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு உரம் வாங்கவேண்டாம் என்று பிறகு சேர்த்துச் சொன்னாள்.

மேலே பார்த்தேன். அலகு மஞ்சள், முகம் செம்மஞ்சள், வாலுக்கு மேலே இளஞ்சிவப்புச் சிறகு. 1996-ல் பறவையியலாளர் சாலிம் அலியின் நூற்றாண்டுக்கு வந்த தபால்தலைகளில் நாரைகள் உண்டு. அது என்னிடம் இருந்தது. கிவி இருந்தது. குவெட்சால் இருந்தது. ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிற இந்த மரத்தை நாற்பது வயசு நெருங்கும்போதுதான் பார்க்கிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் எந்த நாட்டுத் தபால்தலையாகவும் இருக்கலாம், ஆனால் அதில் இருக்கிற பறவையை நான் திருநெல்வேலிச் சீமைக்குள் என் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். சீமை என்றால் பழைய சீமை, தூத்துக்குடியும் தென்காசியும் சேர்த்து. அரசாங்கம் 86-லும் 2019-லும் பிரித்தது. என் ஆல்பத்தில் பிரிக்கவில்லை.

சட்டம் போட்ட பிறகுதான் சுவாரசியம் தொடங்கியது. பேதை உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் எங்கள் குளங்களில் தண்ணீர் வற்றிய சேற்றில் கூட்டம் கூட்டமாக மேயும். சாம்பலும் பழுப்பும் கலந்த, பார்த்த மாத்திரத்தில் மறந்துவிடக்கூடிய பறவை. பேரிலேயே பேதை. ஐரோப்பியத் தபால்தலைகளில் அதே பறவையைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. ஆணின் கழுத்தைச் சுற்றிப் பெரிய இறகுப் பட்டை, நாடக ராஜா மாதிரி. காதுக்குமேல் இரண்டு குஞ்சம். வெள்ளை, கறுப்பு, செங்காவி என்று ஆளுக்கொரு நிறம். வடக்கே வசந்தகாலத்தில் ஆண்கள் எல்லாம் ஒரு திடலில் கூடி, பெண்கள் பார்க்க ஆடுகிற ஆட்டத்துக்கான அலங்காரம் அது. ஆட்டம் முடிந்ததும் உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் நம் ஊருக்குக் கிளம்பும்.

கருந்தலைக் கடற்காகமும் அப்படித்தான். 1966-ல் இங்கிலாந்து நாலு பறவைகளை ஒரே தாளில் சதுரமாகச் சேர்த்து 4 பென்னி தலைகள் போட்டது. கடற்காகம், நீலச் சிட்டு, ராபின், கரும்பறவை. அச்சில் ஏதாவதொரு நிறம் விட்டுப்போன பிழைத் தலைகளுக்காகவே பேர்பெற்ற தொகுதி. நாலில் என் சட்டத்துக்குள் வருவது கடற்காகம் ஒன்றுதான். தபால்தலையில் தலை முழுக்கக் கருஞ்சாக்லேட் நிறத்தில் முக்காடு போட்டமாதிரி இருக்கும். தூத்துக்குடிக் கடற்கரையில் தை மாதம் பார்க்கும்போது தலை வெளுத்து, காதோரம் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் மிச்சம். கல்யாணம் முடிந்து மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை லுங்கிக்கு மாறியிருப்பானே, அந்தக் கோலம். பட்டுவேட்டி போட்டோ தபால்தலையில் இருக்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் லுங்கி.

ஆகவே இப்போது என் ஆல்பத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் தபால்தலைக்குக் கீழே, இங்கே எந்தக் குளத்தில், எந்த மாதம், என்ன கோலத்தில் பார்த்தேன் என்று பென்சிலில் எழுதிவைக்கிறேன். மங்கோலியாத் தலையில் வரித்தலை வாத்து: வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு. மத்திய ஆசியாவின் உயரமான ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி வருகிறது. 7,000 மீட்டருக்கு மேலேயும் பறந்து பதிவாகியிருக்கிறது. என் பென்சில் குறிப்பு: 'கூந்தன்குளம், ஜனவரி. 40-க்குப் பக்கம். வரப்பில் தூக்கம்.' இவ்வளவு உயரம் பறந்து வந்ததற்கு வரப்பில் தூங்கத்தானே வேண்டும்.

சட்டத்தால் வழக்குகளும் வந்தன. பஹாமாஸ் தபால்தலையில் அருமையான பூநாரை. ஆனால் அது கரீபியன் இனம், நம் குளத்துக்கு வருவது வேறு. தள்ளுபடி. அமெரிக்காவின் வாத்துத் தலை இன்னும் சிக்கல். 1934-லிருந்து வருஷாவருஷம் போடுகிறார்கள். நீர்ப்பறவை வேட்டையாடுகிறவன் அதை வாங்கியாக வேண்டும். அன்றைக்கு 1 டாலர், 2015-லிருந்து 25 டாலர். அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்களை வாங்கிப் பாதுகாக்கிறார்கள். கடிதத்தில் ஒட்ட முடியாது, ஆகவே அது தபால்தலையே இல்லை, வரிவில்லை என்பது சுத்தக்காரர்கள் கட்சி. அங்கே இருக்கிற மைத்துனர் ஊசிவால் வாத்து போட்ட ஒன்றை அனுப்பியிருந்தார். நான் சேர்த்துக்கொண்டேன். ஊசிவால் வாத்து எங்கள் குளத்துக்கும் வருகிறது என்பது ஒரு காரணம். மைத்துனர் வருத்தப்படுவார் என்பது இன்னொன்று. ஆனால் அதை ஒட்டும்போது பீடி சுற்றிய அந்த அம்மா ஞாபகம் வந்தது. அவளிடம் யாரும் எந்த வில்லையும் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். பறவைத் தலைகளில் பழையதென்று 1845-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம் போட்ட புறாவைச் சொல்வார்கள். 1854-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கருப்பு அன்னம். அந்த அன்னத்தில் ஒன்று தலைகீழாக அச்சாகிப் பேர்பெற்றது. உண்மையில் தலைகீழானது அன்னம் இல்லை, சுற்றியிருக்கும் சட்டம்தான், பாவம், பழி அன்னத்துக்கு. அதெல்லாம் நம் கைக்கு எட்டாது. ஆனால் ஜப்பான் 1875-ல் மூன்று பறவைத் தலைகள் போட்டது: 12 சென்னில் வாத்து, 15-ல் வாலாட்டி, 45-ல் வல்லூறு. வாலாட்டி! ஐப்பசி பிறந்தால் எங்கள் ஆற்றங்கரையில் வாலாட்டிகள் வந்து வாலை ஆட்டத் தொடங்கிவிடும். அந்த 15 சென் தலை ஒரு வெளியூர்க் கண்காட்சியில் 400 ரூபாய்க்குக் கிடைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. விற்றவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், பறவைக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு எழுத்து. தெரிந்தவர் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். 'சான்கோ' என்று பதில் வந்தது. 'பார்வைக்கு மட்டும்' என்ற அர்த்தமாம். அந்தக் காலத்திலேயே ஜப்பானில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்க நகல் அடித்து, நேர்மையாக உள்ளே அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். போலி செய்தவன் ஒளிக்கவில்லை. நமக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. 400 ரூபாய்க்கு இரண்டு எழுத்து ஜப்பானிய மொழி கற்றேன். அந்தத் தலையையும் ஆல்பத்தில் வைத்திருக்கிறேன். கீழே பென்சிலில்: 'பார்வைக்கு மட்டும்.'

சரி, மாடிக்கு வருவோம். ஒட்டிப்போன மின்ட் கட்டுகளைப் பிரிக்க ஒரே வழி மறுபடி ஊறப்போடுவது. பசை போய்விடும், பசை போனால் மதிப்புப் பாதிக்கும் கீழே. ஆனால் பறவை மிஞ்சும். குடிக்கிற தண்ணீருக்கே வரிசையில் நிற்கிற நாளில் இதற்கு எங்கே போவது? மழைத் தண்ணீர் பிடித்துவைத்திருந்த குத்துப்போணியில் போட்டேன். கீழ் வளவுப் பையன், நாலாம் வகுப்பு, பள்ளிக்கூடம் லீவு, கூடவே வந்து குந்திக்கொண்டான். வேகமாக இழுத்தால் நனைந்த தாள் வெங்காயச் சருகு மாதிரி பிய்ந்துவிடும். "பைய, பைய" என்று சொல்லிச் சொல்லி, தண்ணீருக்குள்ளேயே ஒன்றிலிருந்து ஒன்றை நழுவவிட அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். என் கையைவிட அவன் விரல் மென்மையாக இருந்தது. மங்கோலியா வாத்து முழுசாக வந்தது. 2010-ல் புறாவோடு சேர்த்து வந்த சிட்டுக்குருவி வந்தது. ஹங்கேரித் தலை ஒன்று நட்டநடுவில் இரண்டாகப் போனது. கடைசியாக ஆறுமணிக்குருவி பிளாக். நாலும் பல்வரிசையில் தனித்தனியாகக் கழன்றன. மூன்று நல்லபடியாக. ஒன்றில் வால் பக்கம் கிழிசல், இருந்த வாலே குட்டை.

"இது எந்த நாட்டுக் குருவி மாமா?"

"நம்ம ஊருதாம்லே. இப்ப இங்கதான் எங்கனயாவது இருக்கும்."

"நான் பாத்ததே இல்லையே."

ஆறு மணி விஷயத்தைச் சொன்னேன். பஞ்சாரக் கதையையும் சொன்னேன். நாலில் ஒன்றை, கிழியாததை, அவனுக்குக் கொடுத்தேன். அவனுடைய கணக்கு நோட்டு ஆற்றோடு போய்விட்டிருந்தது. அறிவியல் நோட்டின் அட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

மறுநாள் இருட்டுகிற நேரம். கரண்ட் இன்னும் வரவில்லை. மாடிப்படியில் தடதடவென்று சத்தம்.

"மாமா, ஆத்தங்கரை மரத்துக்கிட்ட ஆறு மணி வரைக்கும் நின்னு பாத்தேன். ஒண்ணும் கத்தலை. அதுக்கு மணி எப்படித் தெரியும்? நம்ம கடிகாரமே வெள்ளத்துல நின்னு போச்சுல்லா."